மாலை 6:40-க்குக் காணாமல் போகும் வண்டிகள்: ஒரு டிசிபி சர்வர் எழுதிய அனுபவம்

என் மாமா சத்தியமங்கலத்தில் காய்கறி வியாபாரம் செய்கிறார். தாளவாடியில் முட்டைக்கோசும் தக்காளியும் பீட்ரூட்டும் ஏற்றி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வர மூன்று குட்டி யானைகள் வைத்திருக்கிறார். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: குட்டி யானை என்றால் சின்ன லோடு வண்டி. அந்தக் காட்டில் நிஜமான குட்டி யானைகளும் உண்டு என்பதால் போனில் பேசும்போது சில சமயம் எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

மூன்று வண்டியிலும் ஜிபிஎஸ் கருவி மாட்டியிருந்தார். கருவி விற்ற கடைக்காரர் கொடுத்த ஆப் முதல் வருடம் நன்றாக ஓடியது. இரண்டாம் வருடச் சந்தா கட்டிய பிறகு பாதி நாள் திறக்கவே இல்லை. "மாப்ள, நீ கம்ப்யூட்டர்லதான இருக்கற, இது என்னன்னு பாரு" என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

கருவியைப் பிரித்துப் பார்த்தேன். சிம் கார்டு போட்ட சின்னக் கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். அதன் சிம் எண்ணுக்கு ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் எஸ்எம்எஸ் அனுப்பினால், எந்த சர்வருக்கு, எந்தப் போர்ட்டுக்கு (சர்வரின் எந்த எண்ணுள்ள வாசலுக்கு) பேச வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளும். வெப், எச்டிடிபி எதுவும் கிடையாது. நேராக டிசிபி (இணையத்தில் பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் முறை) இணைப்பு ஒன்றைத் திறந்து பைட்டுகளைக் கொட்டும். அது பேசும் மொழிக்கு ஜிடி06 என்று பெயர். மலிவான கருவிகளில் பெரும்பாலும் இதுவோ இதன் தம்பி தங்கைகளோதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிராக்கார் என்ற திறமூல மென்பொருளை நிறுவியிருந்தால் ஒரே மாலையில் வேலை முடிந்திருக்கும். அதற்கு ஜிடி06 தெரியும், 5023 என்ற போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். பைத்தான் நிரல்மொழியோடு வருகிற சாக்கெட்சர்வர் என்ற ஆயத்த நிரல் தொகுப்பை எடுத்திருந்தாலும் பாதி வேலை குறைந்திருக்கும். நானே எழுத உட்கார்ந்தது ஆசையால்தான். பல வருடமாக வெப் சர்வர்களுக்குப் பின்னால் நின்று வேலை பார்க்கிறேன். வாசலில் நின்று கதவைத் திறப்பது யார் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

முதல் வடிவம் நாற்பது வரிகூட இல்லை. சாக்கெட் என்று ஒன்றை, அதாவது நிரல் நெட்வொர்க்கோடு பேசும் முனையை, உருவாக்க வேண்டும். பைண்ட் செய்து அதற்கு ஒரு முகவரியும் போர்ட்டும் கொடுக்க வேண்டும். லிஸன் சொன்னதும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வருகிறவர்களை வரிசையில் நிறுத்தத் தொடங்கும். அக்செப்ட் அந்த வரிசையிலிருந்து ஒவ்வொருவராக உள்ளே எடுக்கும். 1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த இந்த நான்கு அழைப்புகள்தான் இன்றும். நாற்பது வருடத்தில் கம்ப்யூட்டரில் எது எதுவோ மாறிவிட்டது, இது மாறவில்லை.

எனக்கு முதலில் பிடிபடாதது ஒன்றுதான். அக்செப்ட் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சாக்கெட்டைத் திருப்பித் தருகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் சாக்கெட் வேறு, பேசும் சாக்கெட் வேறு. கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிப்பவர் யாரோடும் பந்தியில் உட்கார்வதில்லை. வருகிறவரை உள்ளே அனுப்பிவிட்டு அடுத்தவரைப் பார்க்கத் திரும்பிவிடுவார். கேட்கும் சாக்கெட்டும் அப்படித்தான். அதன் வழியாக ஒரு பைட்கூட வராது, போகாது. இது புரிந்த பிறகு கிளாஸின் (ஒரு வேலைக்கான தரவையும் செயலையும் சேர்த்து எழுதும் நிரல் பகுதி) உருவம் தானாகவே வந்துவிட்டது: வாசலைப் பார்த்துக்கொள்ள ஒரு கிளாஸ், உள்ளே வந்தவரைக் கவனிக்க இன்னொரு கிளாஸ். வண்டிக்கு ஒரு த்ரெட், அதாவது ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் ஓட்டம்.

த்ரெட்டா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்று 1999-இல் டான் கெகல் எழுதியதிலிருந்து, இணைப்புக்கு ஒரு த்ரெட் என்றாலே கௌரவக் குறைச்சலாகிவிட்டது. எனக்கு இருப்பது மூன்று வண்டி. ஒரே த்ரெட்டில் பல இணைப்புகளைக் கவனிக்கும் ஈபோலும் அசிங்க்ஐஓவும் பத்தாயிரம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு. த்ரெட் என்றால் மேலிருந்து கீழே படித்தால் புரிகிற நிரல். ராத்திரி பதினோரு மணிக்குப் பிழை தேடும்போது அதன் அருமை தெரியும்.

என் லேப்டாப்பில் 127.0.0.1-இல் எல்லாம் அழகாக ஓடியது. வாடகை சர்வரில் ஏற்றினேன், கருவிக்கு எஸ்எம்எஸ் போட்டேன், ஒன்றும் வரவில்லை. 127.0.0.1 என்பது அந்த இயந்திரத்துக்குள்ளேயே சுற்றும் முகவரி. வெளியிலிருந்து வர 0.0.0.0-இல் பைண்ட் செய்திருக்க வேண்டும். மாற்றினேன். அப்போதும் வரவில்லை. சர்வர் வாடகைக்குக் கொடுத்தவர்களின் ஃபயர்வாலில் 5023 திறக்கவில்லை. அதையும் திறந்த பிறகு, வந்தது.

முதலில் வந்தது மாமாவின் வண்டி இல்லை. முகம் தெரியாத யாரோ. முதல் மூன்று பைட் 71, 69, 84. எண்களை எழுத்தாக்கும் ஆஸ்கி அட்டவணையில் பார்த்தால் வெப் பிரவுசர் பக்கம் கேட்கும்போது சொல்கிற 'கெட்'. பொது இணையத்தில் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்தால், ஊரெல்லாம் கதவு தட்டித் திரிகிற ஸ்கேனர்கள் அதையும் தட்டிப் பார்க்கும். ஒருத்தன் இணைப்பைத் திறந்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தே இருந்தான். எனவே கிளாஸில் முதல் விதி எழுதினேன்: உள்ளே வந்த 30 விநாடிக்குள் ஒழுங்கான லாகின் வராவிட்டால் வெளியே. அடையாளம் தெரியாதவர்களுக்கு மொத்தம் இத்தனை பைட்டுக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை என்பது இரண்டாவது விதி.

அடுத்து, எல்லோரும் ஒரு முறையாவது இடித்துக்கொள்ளும் நிலைப்படி. நிரலை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓடவிட்டால், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பைண்ட் தோற்கும். ஒரு நிமிடம் பொறுத்து ஓடவிட்டால் சரியாகிவிடும். இணைப்பை எந்தப் பக்கம் முதலில் மூடுகிறதோ அந்தப் பக்கத்தில் டைம்-வெயிட் என்ற நிலையில் அந்த இணைப்பின் மிச்சம் கொஞ்ச நேரம் இருக்கும். வழியில் தாமதமாகி வரும் பழைய பொட்டலம் (தரவுத் துண்டு) எதுவும் புதிய இணைப்பில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. லினக்ஸில் இது 60 விநாடி. நிரலை நான் நிறுத்தும்போது என் பக்கம்தான் முதலில் மூடுகிறது, எனவே மிச்சம் என் தலையில்.

இதற்கு, மிச்சம் இருந்தாலும் முகவரியைப் பிடிக்க விடும் ரீயூஸ்-அட்ரஸ் என்ற விருப்பத்தைப் போட வேண்டும். போட்டேன். அப்படியும் அதே பிழை. அரை மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது, அதை பைண்டுக்குக் கீழே எழுதியிருக்கிறேன். பைண்ட் தோற்றுப்போன பிறகு அந்த வரிக்கு ஓட வாய்ப்பே இல்லை. ஒரு வரியை மேலே தூக்கி வைத்தேன், முடிந்தது. விண்டோஸில் இதே பெயருள்ள விருப்பத்துக்கு அர்த்தம் வேறு. இன்னொரு நிரல் பிடித்து வைத்திருக்கும் போர்ட்டையே பிடுங்க விட்டுவிடும். லினக்ஸ் பழக்கத்தில் அங்கே போய் அப்படியே எழுதிவிடாதீர்கள்.

இப்போது ஜிடி06 பற்றிக் கொஞ்சம். இது தெரியாமல் பின்னால் வரும் கூத்து புரியாது.

ஒவ்வொரு பொட்டலமும் 120, 120 என்ற இரண்டு பைட்டில் தொடங்கும். மூன்றாவது பைட் நீளம். நான்காவது, இது என்ன வகைச் செய்தி என்பதைச் சொல்லும்: 1 என்றால் லாகின், 18 என்றால் இருக்கும் இடம், 19 என்றால் 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்ற நாடித்துடிப்பு. பிறகு விஷயம், இரண்டு பைட்டில் வரிசை எண், இரண்டு பைட்டில் சிஆர்சி (வழியில் பைட் எதுவும் சிதையவில்லையா என்று சரிபார்க்கும் எண்), கடைசியில் 13, 10. நீளம் என்பது வகை பைட்டிலிருந்து சிஆர்சி வரைக்கும் உள்ள பைட்டுகள். எனவே மொத்தப் பொட்டலம் நீளத்தைவிட 5 கூடுதல். லாகினில் நீளம் 13, மொத்தம் 18 பைட். இடத்துக்கு நீளம் 31, மொத்தம் 36.

லாகினில் கருவியை அடையாளம் காட்டும் 15 இலக்க ஐஎம்இஐ எண் 8 பைட்டுக்குள் அடைந்து வரும், முன்னால் ஒரு பூஜ்யத்தோடு. அதற்கு நாம் 10 பைட்டில் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கருவி கோபித்துக்கொண்டு இணைப்பை அறுத்துவிட்டு மறுபடி லாகினிலிருந்து தொடங்கும். இடப் பொட்டலத்தில் வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட். பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை. வருகிற எண்ணை 18 லட்சத்தால் வகுத்தால் பாகை கிடைக்கும். திரையில் முதன்முதலாக 11.5, 77.2 என்று வந்தபோது, சத்தி பஸ் ஸ்டாண்டைப் பார்த்த மாதிரியே இருந்தது.

இரண்டு நாள் சந்தோஷம். மூன்றாவது நாள் மலையிலிருந்து இறங்கிய வண்டியின் தரவு குப்பையாக வந்தது. அட்சரேகை எங்கேயோ கடலுக்கு நடுவில்.

சாக்கெட்டில் வந்த பைட்டுகளை எடுக்கும் ரிசீவை ஒரு முறை அழைத்தால் ஒரு பொட்டலம் வரும் என்று நினைத்து எழுதியிருந்தேன். வீட்டு மேசையில் சோதித்தபோது அப்படித்தான் வந்தது. அதுதான் ஏமாற்றியது. மாமாவின் தொழிலில் இருந்தே சொல்கிறேன்: அங்கே மூட்டை கட்டி ஏற்றினாலும் டிசிபி இங்கே மூட்டையை அவிழ்த்துத்தான் கொட்டும். வரிசை மாறாது, ஒரு காய்கூடத் தொலையாது. ஆனால் எந்த மூட்டை எங்கே முடிந்தது என்பதை நாம்தான் எண்ணிக்கொள்ள வேண்டும். காட்டுக்குள் சிக்னல் இல்லாத நேரத்தில் கருவி பொட்டலங்களைத் தன் நினைவகத்தில் சேர்த்து வைக்கிறது. பண்ணாரிக்குக் கீழே சிக்னல் கிடைத்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்புகிறது. நான் ஒரு ரிசீவுக்கு 1024 பைட் கேட்டிருந்தேன். 28 பொட்டலம் முழுசாக, 1008 பைட். அப்புறம் 29-ஆவது பொட்டலத்தின் முதல் 16 பைட். மீதி 20 அடுத்த ரிசீவில். நானோ ஒவ்வொரு ரிசீவிலும் முதல் 36 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீசிக்கொண்டிருந்தேன். அடுத்த ரிசீவ் பொட்டலத்தின் நடுவயிற்றில் தொடங்கியதால் கடல்.

சரி, ஒரு இடைச்சேமிப்பு வைத்து, வருவதையெல்லாம் அதில் சேர்த்து, முழுப் பொட்டலங்களை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். எங்கே வெட்டுவது? இங்கேதான் இந்தப் பதிவின் தலைப்பில் இருக்கும் தப்பைச் செய்தேன். எல்லாப் பொட்டலமும் 13, 10-இல் முடிகிறது. 13, 10 என்பது வரி முடிவுக்கான பழைய ஜோடி. கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட். வெப்பிலேயே வளர்ந்தவன் கண்ணுக்கு அது வரி முடிவாகத்தான் தெரியும். 13, 10 வரும் இடத்திலெல்லாம் வெட்டு என்று ஒரே வரியில் எழுதினேன். சிஆர்சி பொருந்தாவிட்டால் எதிராளி யோக்கியமில்லை, இணைப்பை மூடு என்றும் எழுதினேன். ரொம்பக் கண்டிப்பான ஆள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து மாமா கூப்பிட்டார். "ஏன் மாப்ள, ரெண்டாவது வண்டி தெனமும் ஆறே முக்காலுக்குக் காணாமப் போவுது. கா மணி நேரம் கழிச்சுத்தான் மறுபடி வருது. டிரைவர் கருவியப் புடுங்கிட்டு எங்கயோ போறானாட்ட இருக்குது." டிரைவர் அண்ணனைக் கேட்டால், "நான் எதுக்குங்க தம்பி அதத் தொடறேன், அது எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாது" என்கிறார். மாமா நம்பவில்லை. டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு வேறு லோடு அடிக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டார்.

நானும் முதலில் அதைத்தான் நம்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதிவேட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் மாறினேன்:

18:39:51, வண்டி 2, இடம், சரி
18:40:01, வண்டி 2, சிஆர்சி தவறு, மூடப்பட்டது
18:40:03, வண்டி 3, சிஆர்சி தவறு, மூடப்பட்டது
18:40:09, வண்டி 2, லாகின், சரி
18:40:11, வண்டி 2, சிஆர்சி தவறு, மூடப்பட்டது

மூன்றாவது வண்டியும்! அது அப்போது தாளவாடியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு டிரைவர்கள், இரண்டு ஊர், ஒரே நிமிடம். டீ குடிக்கப் போவதில் இவ்வளவு ஒற்றுமை இருக்காது. முந்தின நாள், அதற்கு முந்தின நாள் எல்லாவற்றிலும் 18:40:00-க்கும் 18:40:59-க்கும் நடுவில்தான். திரும்பத் திரும்ப மூடினால் கருவி கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டுத்தான் மறுபடி முயல்கிறது, அதுதான் மாமா பார்த்த கால் மணி நேரம்.

கருவி நேரத்தை இந்திய நேரத்தில் அனுப்புவதில்லை, உலகப் பொது நேரத்தில் அனுப்புகிறது. 18:40-இலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துப் பாருங்கள். 13:10.

மணி பைட் 13. அதை ஒட்டி நிமிட பைட் 10. பொட்டலத்தின் நடுவில், என் நிரல் 'வரி முடிவு' என்று நினைக்கும் அதே ஜோடி. அந்த ஒரு நிமிடம் முழுக்க ஒவ்வொரு இடப் பொட்டலத்தையும் நடுவில் வெட்டி, வெட்டுப்பட்டதற்கு சிஆர்சி பார்த்து, பொருந்தவில்லை என்று கருவியை வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்புறம், இந்த ஜோடி வேறெங்கெல்லாம் வரும் என்று யோசித்தால் பட்டியல் நீண்டது. ஒவ்வொரு மணியிலும் 13-ஆம் நிமிடம் 10-ஆம் விநாடியில் பொட்டலம் விழுந்தால் வெட்டு. நாள் பைட்டும் மணி பைட்டும் அடுத்தடுத்து இருப்பதால், மாதாமாதம் 13-ஆம் தேதி நம் நேரப்படி மதியம் 3:30 முதல் 4:30 வரை ஒரு மணி நேரம் முழுக்க வெட்டு. அதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது, தப்பித்தேன். வரிசை எண் இரண்டு பைட் என்று சொன்னேன் இல்லையா, 13-ஐ 256-ஆல் பெருக்கி 10-ஐக் கூட்டினால் 3338. கருவி மின்சாரம் வந்ததிலிருந்து அனுப்பும் 3338-ஆவது பொட்டலம் எதுவாக இருந்தாலும் பலி. பத்து விநாடிக்கு ஒன்று என்று ஓயாமல் போனால் ஒன்பதே கால் மணி நேரத்துக்குப் பக்கம். அட்சரேகைக்குள்ளும் வரலாம், அதாவது மலையில் ஏதோ ஒரு வளைவில் மட்டும் வண்டி மறையும். அதை மட்டும் முதலில் பார்த்திருந்தால் சிக்னல் கோளாறு என்று நினைத்து இந்த ஜென்மத்தில் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

திருத்தம் சின்னது. இடைச்சேமிப்பில் மூன்று பைட்டாவது சேரும் வரை காத்திரு. முதல் இரண்டும் 120, 120-ஆ என்று பார். மூன்றாவதை நீளமாக எடுத்துக்கொண்டு, நீளம் கூட்டல் 5 பைட் சேரும் வரை மறுபடியும் காத்திரு. சேர்ந்ததும் அத்தனையை மட்டும் வெட்டு. 13, 10 கடைசியில் இருக்கிறதா என்பது சரிபார்க்க மட்டும், தேட அல்ல. சிஆர்சி தவறினால் உடனே கதவைச் சாத்தாமல், அந்த ஒரு பொட்டலத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டு விடு, தொடர்ந்து மூன்று தவறினால் மூடு. இவ்வளவும் பன்னிரண்டு வரி.

மாமாவிடம் சொன்னேன். 13, 10 எல்லாம் அவருக்கு எதற்கு, தப்பு என் மேல் என்று மட்டும் சொன்னேன். "அப்படியா" என்றார். டிரைவர் அண்ணனிடம் மன்னிப்பெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த மாதம் சம்பளத்தோடு ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்ததாக அத்தை சொன்னார்கள்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் அமைதி. பதினான்காவது நாள் காலையில் சர்வர் செத்துக் கிடந்தது. செத்து என்பதுகூடச் சரியில்லை, பேய் பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. சிபியு நூறு சதவீதம், பதிவேடு வட்டு முழுவதையும் தின்றிருந்தது, லட்சக்கணக்கான வரிகளில் ஒரே புலம்பல்: அதிகமான கோப்புகள் திறந்திருக்கின்றன.

லினக்ஸில் சாக்கெட்டும் ஒரு கோப்புதான், ஒரு நிரல் திறந்து வைத்திருக்கக்கூடியவை வழக்கமாக 1024. மூன்று வண்டிக்கு எப்படி ஆயிரம் இணைப்பு? சாக்கெட்டுகளைப் பட்டியலிட்டுப் பார்த்தால் எல்லாமே நிலைபெற்ற இணைப்பு என்ற நிலையில் நிற்கின்றன. முக்கால்வாசி பல நாள் பழையவை.

காடுதான் காரணம். வண்டி சிக்னல் இல்லாத இடத்துக்குள் போனால் கருவி 'போய் வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. அந்தப் பக்கம் கம்பி அறுந்தது இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. வெளியே வந்ததும் கருவி புதிய இணைப்பு திறக்கிறது, வேறு ஐபி, வேறு போர்ட். என் பழைய த்ரெட் ரிசீவில் வாய் பிளந்து உட்கார்ந்தபடியே இருக்கிறது. நாம் ஏதாவது அனுப்ப முயன்றாலாவது, பதில் வராமல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, லினக்ஸ் ஒரு கால் மணி நேரத்தில் கைவிடும். வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை, இயந்திரம் அணையும் வரை உட்கார்ந்திருக்கலாம். ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து முறை அறுந்தால் மூன்று வண்டிக்கு இரண்டு வாரத்தில் ஆயிரம்.

1024 நிரம்பியதும் அக்செப்ட் தோற்கிறது. ஆனால் வாசலில் நிற்பவர் வரிசையிலிருந்து போகவில்லை. என் சுழல் பிழையைப் பதிவேட்டில் எழுதிவிட்டு உடனே மறுபடி அக்செப்டை அழைக்கிறது, அதே ஆள், அதே பிழை, விநாடிக்குப் பல்லாயிரம் முறை. பிழை வந்தால் ஒரு விநாடி தூங்கிவிட்டு வா என்று ஒரு வரி சேர்த்திருந்தால் வட்டாவது பிழைத்திருக்கும். இப்போது சேர்த்திருக்கிறேன்.

கீப்அலைவ் (எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கெர்னலே தட்டிப் பார்ப்பது) போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். லினக்ஸில் அதன் இயல்பு அளவு: 7200 விநாடி சும்மா இருந்த பிறகு முதல் தட்டு, பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 தட்டு. இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அளவைக் குறைக்கலாம்தான். ஆனால் கருவியே சில நிமிடத்துக்கு ஒரு முறை நாடித்துடிப்பு அனுப்புகிறதே, அதைவிட நல்ல சாட்சி எது? ரிசீவுக்கு 10 நிமிடக் காலக்கெடு வைத்தேன். அதற்குள் ஒரு பைட்கூட வராவிட்டால் ஆள் இல்லை.

அதோடு இன்னொன்றும் செய்தேன்: ஐஎம்இஐ-யைச் சாவியாக வைத்து ஒரு அகராதி, அதாவது எண்ணைக் கொடுத்தால் அதன் இணைப்பைத் தரும் பட்டியல். ஒரே எண்ணில் புதிய லாகின் வந்தால் பழைய இணைப்பை அங்கேயே மூடு. இதில் இரண்டு குழிகள். ஒன்று, வேறொரு த்ரெட் ரிசீவில் காத்திருக்கும்போது இந்தப் பக்கத்திலிருந்து குளோஸ் சொன்னால் லினக்ஸில் அந்த த்ரெட் எழுந்திருக்காது. முதலில் ஷட்டவுன் சொல்ல வேண்டும்; அப்போதுதான் அங்கே ரிசீவ் பூஜ்ய பைட்டோடு திரும்பும், அந்த த்ரெட்டே தன் சாக்கெட்டை மூடிக்கொண்டு போகும்.

இரண்டாவது குழி நுட்பமானது. வரைபடத்தில் முதல் வண்டி சிவப்பில், 'இணைப்பில் இல்லை' என்று காட்டிக்கொண்டே சாலையில் நகர்ந்துகொண்டிருந்தது. புதிய இணைப்பு அகராதியில் ஏறியதும் பழைய த்ரெட் விழித்து, போகிற போக்கில் 'என் ஐஎம்இஐ-யை அகராதியிலிருந்து நீக்கு' என்று செய்துவிட்டுப் போகிறது. அது நீக்கியது தன்னை அல்ல, தன் இடத்துக்கு வந்தவனை. நீக்கும் முன், அங்கே இருப்பது நான்தானா என்று பார்த்துவிட்டு நீக்கு என்று மாற்றினேன். பார்ப்பதும் நீக்குவதும் ஒரே பூட்டுக்குள், இடையில் வேறு த்ரெட் நுழையாதபடி.

சர்வரை மரியாதையாக நிறுத்துவதும் இதே ஜாதிப் பிரச்சினைதான். அக்செப்டில் தூங்கும் த்ரெட்டை எழுப்ப வேண்டும். கேட்கும் சாக்கெட்டையும் ஷட்டவுன் செய்தால் லினக்ஸில் எழுந்துவிடும், மற்ற இடங்களில் உத்தரவாதமில்லை. நான் அக்செப்டுக்கு ஒரு விநாடிக் காலக்கெடு வைத்து, ஒவ்வொரு முறையும் 'நிறுத்தச் சொன்னார்களா' என்று ஒரு கொடியைப் பார்க்க வைத்தேன். அழகில்லை. வேலை செய்கிறது.

லிஸனுக்குக் கொடுக்கும் வரிசை நீளத்தைப் பற்றி நிறையப் படித்தேன். லினக்ஸ் 5.4-இலிருந்து அதன் உச்ச வரம்பு 4096, முன்பு 128. மூன்று வண்டிக்கு எட்டு போதும். படித்த நேரம் வீண். அனுப்பும்போது பாதியோடு நின்றுவிடக்கூடிய செண்ட் வேண்டாம், முழுவதையும் அனுப்பும் செண்ட்ஆல். பத்து பைட்டுக்கு வித்தியாசம் தெரியாது என்றாலும் பழக்கம் நல்லது.

நாற்பது வரியில் தொடங்கியது இப்போது முந்நூறைத் தாண்டிவிட்டது. அதில் அக்செப்ட் இன்னமும் ஒரே வரிதான். திறந்திருக்கும் சாக்கெட்டுகளைத் தினமும் காலையில் எண்ணிப் பார்க்கிறேன். மூன்று வண்டிக்கு மூன்று, கேட்கும் சாக்கெட் ஒன்று, சில நாள் இடையில் நுழைந்த ஸ்கேனர் ஒன்று. 6:40-க்கும் எல்லா வண்டியும் வரைபடத்தில் நிற்கின்றன. போன மாதம் 13-ஆம் தேதி மதியம் மூன்றரையிலிருந்து நாலரை வரை திரையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மாமா நான்காவது வண்டி வாங்கிவிட்டார். அதே கடையில் அதே கருவிதான் கேட்டாராம், புது மாடல் கொடுத்திருக்கிறார்கள். லாகின் சரியாக வருகிறது, பதிலையும் ஏற்றுக்கொள்கிறது. அப்புறம் வரும் சில பொட்டலங்கள் 121, 121 என்று தொடங்குகின்றன. அவற்றில் நீளத்துக்கு ஒன்றல்ல, இரண்டு பைட். அதாவது மொத்தம் நீளம் கூட்டல் 6. என் வெட்டும் பகுதிக்கு 120 மட்டும்தான் தெரியும், எனவே பதிவேட்டில் 'தொடக்கம் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டே இருக்கிறது. மாமாவுக்குப் புது வண்டி தாளவாடி சந்தையிலேயே நிற்பதாகத் தெரிகிறது. அவர் டிரைவருக்குப் போன் போடுவதற்குள் 121-க்கான நிரல் கிளையை எழுதி முடித்துவிட வேண்டும்.